ஒருமுறை சரியாகக் கணித்தவர்

கிளமெண்டியில் குடியிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு 96ஆம் எண் பேருந்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகள் அந்தப் பேருந்தில்தான் போனேன், வந்தேன். கெண்ட் ரிட்ஜ் குன்றை நாள்தோறும் பார்த்தும் ஒரு நாள்கூட இறங்கி ஏறிப் பார்த்ததில்லை. 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை போரிட்ட குன்று என்று உயர்நிலைப் பள்ளியில் படித்ததோடு சரி. அந்தக் குன்றையும் என் இறுதியாண்டு ஆய்வையும் ஒருநாள் சேர்த்து யோசிப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆய்வு இதுதான். கனரக வாகனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை, அடுத்த ஆறு மாதத்துக்கு எந்த உதிரிப்பாகத்தை எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். பழைய பதிவுகள் அரைகுறையாக இருந்ததால், அங்கே வேலை செய்த அனுபவசாலிகளைக் கேட்டு எழுதினேன். அவர்களில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு தமிழர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். பிரேக் பட்டைகள் இத்தனை தேவைப்படும் என்று அவர் சொன்ன எண்ணிக்கை முதல் மாதமே கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மற்றப் பாகங்களுக்கும் அவர் சொன்னதையே அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் மின்கலங்கள் தீர்ந்துபோயின. கியர் பெட்டிகளோ பிரிக்கப்படாமல் அலமாரியில் தூங்கின. தவறு அண்ணனுடையதன்று. மின்கலங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. அவர் எதில் எத்தனை முறை சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று என் மேற்பார்வையாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை மனம் சரியில்லாமல் குன்றில் ஏறி நடந்தேன். பெப்பிஸ் சாலையில் உள்ள புக்கிட் சண்டு நினைவகம் வரை போனேன். அங்குதான் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் எர்னஸ்ட் பெர்சிவலின் படத்தை நின்று பார்த்தேன். சிங்கப்பூரைச் சரணடைய வைத்த தளபதி என்று மட்டும் அறிந்திருந்த அவரைப் பற்றி அதன்பின் தேடிப் படித்தேன். நாம் வகுப்பில் படிக்காத ஒரு கதை அது.

பெர்சிவல் 1887 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பிறந்தார். ரக்பி பள்ளியில் படித்தார். படிப்பில் பெரிதாகப் பெயர் வாங்கவில்லை. லண்டனில் இரும்புத் தாது வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். முதல் உலகப் போர் வெடித்த 1914இல், 26 வயதில், சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே அதிகாரியானார். 1916இல் சோம் போர்க்களத்தில் காயமடைந்தார். போர் முடியும்போது அவர் மார்பில் வீரப் பதக்கங்கள் வரிசையாக இருந்தன. பிறகு வட ரஷ்யாவில் போரிட்டார். 1920, 1921இல் அயர்லாந்தில் பணியாற்றினார். அங்கே அவர் பெயர் இன்றும் கசப்போடுதான் நினைக்கப்படுகிறது. அதன்பின் கேம்பர்லி படைக் கல்லூரியில் பயின்று, திட்டமிடும் அதிகாரியாக வளர்ந்தார். மெலிந்த உடல், கூச்ச சுபாவம். மேடையில் முழங்குபவர் அல்லர். மேசையில் உட்கார்ந்து எழுதுபவர்.

1936இல் அவர் மலாயாவுக்கு வந்தார். தளபதி டோபியின் கீழ்த் தலைமைப் படை அலுவலர் பதவி. அப்போது சிங்கப்பூரின் பாதுகாப்பு முழுவதும் ஓர் எண்ணை நம்பி இருந்தது. பெரிய கடற்படையை எப்போதும் இங்கே நிறுத்திவைக்கப் பிரிட்டனிடம் பணம் இல்லை. ஆகவே செம்பாவாங்கில் ஒரு தளத்தைக் கட்டி வைப்பது, போர் வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்களை அனுப்புவது என்பது ஏற்பாடு. கப்பல்கள் வந்து சேரும்வரை தீவு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்? வல்லுநர்கள் முதலில் 42 நாள் என்றார்கள். 1937இல் 70 நாள் ஆயிற்று. 1939 ஜூலையில் 90 நாள். அதே ஆண்டு செப்டம்பரில் 180 நாள். நாள் கூடக்கூட இங்கே இருக்க வேண்டிய சோறு, குண்டு, படை எல்லாமே கூட வேண்டும் அல்லவா? எண்ணை மாற்றியவர்கள் கையிருப்பை அதே வேகத்தில் மாற்றவில்லை.

வல்லுநர்கள் நம்பிய இன்னொன்றும் உண்டு. தீவின் வடக்கே அடர்ந்த காடு. கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் கொந்தளிப்பில் படகு இறக்க முடியாது. எனவே ஆபத்து கடல் பக்கம் மட்டுமே என்றார்கள். டோபி இதை வாயால் மறுக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். 1936, 1937 பருவமழைக் காலத்தில் நடத்திய பயிற்சிகளில், அலை அடிக்கும் காலத்திலும் ஆட்களைக் கரையிறக்க முடியும் என்று தெரிந்தது. அதுமட்டுமன்று. மேகமும் மழையும் விமானத்தின் கண்ணை மறைப்பதால் அந்தக் காலம் எதிரிக்கு வசதி என்பதும் புரிந்தது.

1937இன் இறுதியில் பெர்சிவல் ஒரு மதிப்பீட்டை எழுதினார். தம்மை ஜப்பானியத் தளபதியாகப் பாவித்துக்கொண்டு, நானாக இருந்தால் சிங்கப்பூரை எப்படிப் பிடிப்பேன் என்று யோசித்து எழுதிய ஆவணம் அது. தாய்லாந்தின் தெற்கே சிங்கோராவிலும் பட்டாணியிலும், மலாயாவின் கோத்தா பாருவிலும் இறங்குவேன்; விமானத் தளங்களைப் பிடிப்பேன்; வானத்தைக் கைப்பற்றுவேன். இதுதான் அதன் சாரம். சிங்கப்பூரின் தலைவிதி வட மலாயாவில் முடிவாகும் என்பது அவர் கண்ட முடிவு.

டோபி ஜொகூரில் அரண்கள் கட்டப் பணம் கேட்டார். 60,000 பவுன் ஒதுக்கப்பட்டது. கடற்படைத் தளத்துக்குச் செலவான பல கோடியோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அந்தச் சில்லறையிலும் சுமார் 23,000 பவுன் மட்டுமே செலவானது. டோபி பதவியை விட்டுப் போனார். பெர்சிவலும் 1938இல் இங்கிலாந்து திரும்பினார். வேலை பாதியில் நின்றது.

1941 மே மாதம் பெர்சிவல் மீண்டும் இங்கே வந்தார். இம்முறை மலாயாவின் தலைமைத் தளபதியாக. தாம் எழுதிய காகிதத்துக்குள் தாமே வந்து நின்றதுபோல் அவருக்கு இருந்திருக்கும். வட மலாயாவைக் காக்க 48 காலாட்படைப் பட்டாளங்களும் 2 டாங்கிப் படைப்பிரிவுகளும் தேவை என்று ஆகஸ்ட் மாதம் கணக்குப் போட்டு அனுப்பினார். போர் தொடங்கியபோது பட்டாளங்கள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. டாங்கி ஒன்றுகூட வரவில்லை. விமானக் கணக்கும் அப்படியே. லண்டனில் முப்படைத் தலைவர்கள் 1940இல் 336 விமானம் போதும் என்று மதிப்பிட்டார்கள். சிங்கப்பூரில் இருந்த தளபதிகள் 566 வேண்டும் என்றார்கள். போர் தொடங்கிய அன்று மலாயாவில் பறக்கத் தயாராக இருந்தவை 158.

ஏன் தரவில்லை? லண்டனில் இருந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பிரிட்டன் அப்போது எகிப்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. 1941 கோடையிலிருந்து ரஷ்யாவுக்கும் ஆயுதம் அனுப்ப வேண்டியிருந்தது. பானையில் இருக்கும் சோறு ஒன்று, இலைகள் மூன்று. தரைப்படைத் தலைவர் டில், எகிப்தைவிடச் சிங்கப்பூரே முக்கியம் என்று அந்த மே மாதத்தில் எழுதினார். பிரதமர் சர்ச்சில் ஏற்கவில்லை. ஜப்பான் உடனே போருக்கு வராது, வந்தாலும் அதன் விமானிகள் திறமை குறைந்தவர்கள் என்ற மதிப்பீடு அந்த மறுப்புக்குத் தெம்பு கொடுத்தது. ஜப்பானின் ஸீரோ போர் விமானம் சீனாவில் பறந்துகொண்டிருந்தது. அதன் விவரங்கள் பிரிட்டிஷார் கைக்கும் வந்தன. மலாயாவில் அதை எதிர்த்துப் பறக்க வேண்டிய விமானிகளுக்கு அவை போய்ச் சேரவில்லை. கையில் இருந்த சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்காத மதிப்பீட்டை வைத்துத்தான் சோறு பங்கிடப்பட்டது.

1941 டிசம்பர் 8, பருவமழைக் காலம். ஜப்பானியர் சிங்கோராவில் இறங்கினார்கள். பட்டாணியில் இறங்கினார்கள். கோத்தா பாருவில் இறங்கினார்கள். நான்கு ஆண்டுக்கு முன் எழுதிய காகிதத்தில் இருந்த மூன்று இடங்கள். இரண்டு நாளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு போர்க்கப்பல்களும் மூழ்கின. ஜித்ரா விழுந்தது. 1942 ஜனவரி 7இல் சிலிம் ஆற்றருகே ஜப்பானிய டாங்கிகள் புகுந்து விளையாடின. ஜனவரி 31இல் கடைசிப் படையினர் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்தார்கள், பாலம் தகர்க்கப்பட்டது.

இதுவரை படித்தால் பெர்சிவலை யாரும் கேட்காத ஞானி என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1937ஆம் ஆண்டின் அந்த மதிப்பீட்டுக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருக்கிறது. வட மலாயாவில் இறங்கிய எதிரி, பிறகு வட போர்னியோவில் தளம் அமைத்து, கடைசித் தாக்குதலைக் கடல் வழியாகத் தீவின் கிழக்கே, சாங்கி பக்கம் நடத்துவான் என்பது அது. முதல் பகுதியைச் சோதிக்க டோபியின் பயிற்சிகள் இருந்தன. இரண்டாம் பகுதியை யாரும் சோதித்ததில்லை.

1942 பிப்ரவரி தொடக்கத்தில் பெர்சிவல் 70 மைல் கடற்கரையைக் காக்க வேண்டியிருந்தது. எதிரி வடகிழக்கில்தான் வருவான் என்று அவர் நம்பினார். அவருக்கும் மேலே இருந்த தளபதி வேவல் வடமேற்கைச் சுட்டிக்காட்டினார். பெர்சிவல் இணங்கவில்லை. புதிதாக வந்த 18ஆம் பிரிட்டிஷ் டிவிஷனை வடகிழக்கில் நிறுத்தினார். வடமேற்கில் ஆஸ்திரேலியப் படையினர் நீண்ட கரையில் மெல்லிய கோடாக நின்றார்கள். நீரிணையை இரவில் கடந்துபோன அவர்களுடைய ரோந்துக் குழு, எதிரே ஜப்பானியர் குவிந்திருப்பதைக் கண்டு வந்து சொன்னது. அந்தச் செய்தி தலைமையகம் சேரத் தாமதமானது. பிப்ரவரி 8 இரவு தாக்குதல் வந்தது. சரிம்பூன் பக்கம், வடமேற்கில்.

வடகிழக்கை அவர் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்? கிழக்கே கடற்படைத் தளம் இருந்தது, சாங்கியின் பெரிய பீரங்கிகள் இருந்தன. இராணுவக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஓர் ஊகம் என்னை விட்டுப் போகவில்லை. தம் மதிப்பீட்டின் முதல் பகுதி எழுத்துக்கு எழுத்து பலித்ததைப் பார்த்த ஒருவர், இரண்டாம் பகுதியைச் சந்தேகிப்பாரா? பிரேக் பட்டை சரியாக வந்ததால் மின்கலத்தையும் நம்பிய எனக்கு அந்த மனநிலை புரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைமைப் பொறியாளர் சிம்சன், தீவின் வடகரையில் உடனே அரண்கள் எழுப்ப வேண்டும் என்று டிசம்பரிலேயே மன்றாடினார். ஆட்களும் பொருளும் அப்போது இருந்தன. மக்களும் படையினரும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பெர்சிவல் மறுத்தார். தம் கணக்கை லண்டன் கேட்கவில்லை என்று வருந்தியவர், தமக்குக் கீழே இருந்த வல்லுநரின் கணக்கைக் கேட்கவில்லை.

பாசிர் பாஞ்சாங் மேட்டில், நான் பேருந்தில் கடந்துபோன அதே குன்றில், பிப்ரவரி 13, 14 தேதிகளில் மலாய்ப் படைப்பிரிவு மடிந்தது. நம் வட்டாரத்தை ஒட்டிய உலு பாண்டான் பக்கம் 15 அங்குலப் பீரங்கிகள் இரண்டு கடலை நோக்கிக் காத்திருந்தன. சுடாமலே அவற்றின் போர் முடிந்தது. பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார். தீவில் அவரிடம் இருந்தவர்கள் சுமார் 85,000 பேர். தீவைத் தாக்கிய யாமாஷித்தாவிடம் சுமார் 30,000 பேர். அவருடைய குண்டுகளும் தீரும் நிலையில் இருந்தன. எதிரியின் பலத்தைப் பற்றிய கடைசி மதிப்பீடும் தவறாகவே போயிற்று. தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்த நகரத்தில் மக்கள் நிரம்பி இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அந்தக் கையெழுத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, தேக்காவுக்கு அருகே ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ரப்பர் தோட்டத் தமிழர்களின் கதை பிறகு சயாம் ரயில் பாதையில் முடிந்தது. என் பாட்டியின் தகப்பனார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அழைத்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. பாட்டிக்கு அவர் முகம்கூட நினைவில்லை. 23,000 பவுன், 158 விமானம் என்று எழுதும்போது எனக்கு அவர் நினைவு வராமல் இருப்பதில்லை. கணக்குப் போடுபவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர்.

பெர்சிவல் சாங்கியிலும், பிறகு தைவானிலும் மஞ்சூரியாவிலும் கைதியாக இருந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று மிசூரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, எலும்பும் தோலுமாக மெக்கார்தருக்குப் பின்னால் நின்றார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. மறுநாள் பிலிப்பீன்ஸில் யாமாஷித்தா சரணடைந்ததையும் நேரில் பார்த்தார். ஊர் திரும்பியபின், அவர் பதவியில் இருந்தவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சர் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1949இல் மலாயாப் போரைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். மீதிக் காலத்தில் பழைய போர்க் கைதிகளின் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, அவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தர உழைத்தார். 1966 ஜனவரி 31இல் லண்டனில் காலமானார். தோற்ற தளபதியை அவருடன் சிறையிருந்தவர்கள் வெறுக்கவில்லை என்பது என்னைத் தொட்டது.

சிங்கப்பூர் விழுந்த அதே 1942இல், லண்டனில் வேறொரு மதிப்பீடு மேசைக்கு வந்தது. ஜெர்மானிய நகரங்களில் குண்டு போட்டால் எத்தனை வீடுகள் இடியும் என்று சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமன் கணித்தார். பிளாக்கெட், டிசார்ட் என்ற இரு அறிவியலாளர்கள் அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். உண்மையில் எத்தனை விமானம் கிடைக்கும்? போடும் குண்டில் எத்தனை ஊருக்குள் விழும்? கணிப்பு ஆறு மடங்கு மிகை என்றார் பிளாக்கெட்; ஐந்து மடங்கு என்றார் டிசார்ட். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. போருக்குப் பின் அளந்து பார்த்தபோது மிகை சுமார் பத்து மடங்கு என்று தெரிந்தது. லிண்டமன் சிறந்த இயற்பியலாளர்தான். அந்தப் பெயரே ஒவ்வொரு படிக்கும் சாட்சியாகிவிட்டது.

வல்லுநரைச் சோதிப்பது என்றால் அவரை அவமதிப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரியவர் சொல்லிவிட்டார், பேராசிரியர் சொல்லிவிட்டார் என்றால் வாய் மூடிவிடுகிறோம். பெர்சிவலின் வாழ்க்கை எனக்குச் சொன்னது வேறு. சோதிக்க வேண்டியது ஆளை அன்று. அவர் சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக. ஒன்று பலித்தால் அந்த ஒன்றுக்கு மட்டுமே மதிப்பெண். பக்கத்தில் இருக்கும் கூற்றுக்கு அந்த மதிப்பெண்ணைக் கடன் கொடுக்கக் கூடாது. திருவள்ளுவர் இதற்கென்றே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்பாதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஆராய்ந்தபின்னும் எதற்கு நம்பத் தகுந்தவரோ அதற்கு நம்பு என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்த இரண்டாம் பாதி என் கண்ணில் படவில்லை.

ஆய்வைத் திருத்தி எழுதினேன். அண்ணனிடம் மறுபடி போனேன். ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் சொல்லும் எண்ணிக்கையைத் தேதியிட்டு எழுதிக்கொண்டேன். எந்தப் பாகத்தைத் தம் கையால் மாற்றியிருக்கிறார், எதைக் கேள்விப்பட்டு மட்டும் சொல்கிறார் என்றும் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மின்கலத்தைப் பற்றி அடுத்த கொட்டகையில் இருக்கும் மலாய் நண்பரைக் கேள் என்று அவரே கைகாட்டினார். முதல் முறையே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்.

வேலைக்குப் போயிருக்கும் முன்னாள் மாணவ நண்பர்களே, இனிப் போகப்போகும் தம்பி தங்கைகளே, உங்கள் மேசைக்கும் ஒருநாள் இப்படி ஒரு மதிப்பீடு வரும். அதை எழுதியவர் பெரிய மனிதராக இருப்பார். முன்பு ஒருமுறை சரியாகச் சொன்னவராகவும் இருப்பார். வணக்கம் சொல்லுங்கள், நாற்காலி போடுங்கள், தேநீர் கொடுங்கள். பிறகு இரண்டாம் பகுதியை யார் சோதித்தது என்று கேளுங்கள்.